அம்மா விழுங்கிய எழுத்துகள்

“அப்ப ஃப்ரெடியே சொல்லிடட்டும். அவனுக்குத்தான் மைக்கு வாய்.”

“மாமா சொல்றது வேற, நீ சொல்றது வேற டாடி.”

“இன்னா வேற? அதே செபந்தான, அதே மணிதான.”

“போன வருஷம் எல்லாத்தையும் மாமாதான் சொன்னாரு. கல்லறைலயும் அவருதான். இந்தத் தபா நான் சொல்றேன்னு நீதான சொன்ன? நான் கேட்டனா?”

அப்பா பின்பக்கக் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சங்கரா மீனைச் சுரண்டிக்கொண்டிருந்தார். செதில்கள் அவர் முழங்கை முடியில் ஒட்டிக்கொண்டு வெயிலில் மினுங்கின. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஸ்டானிஸ்லாஸ். பள்ளிக்கூடத்தில் அது ஸ்டானிஸ் ஆனது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போன முதல் வாரத்திலேயே ஸ்டானி ஆகிவிட்டது. இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்த பழக்கத்தில் எங்கே உட்கார்ந்தாலும் கழுத்தைக் கொஞ்சம் குனிந்தே வைத்திருப்பார்.

என் அம்மா ஃப்ளோரன்ஸ் இறந்து வருகிற சனிக்கிழமையோடு ஒரு வருஷம் முடிகிறது. அன்று சாயங்காலம் வீட்டில் செபமாலை. சொந்தக்காரர்கள் வருவார்கள், கோயிலிலிருந்து வருவார்கள், எங்கள் சந்துக்காரர்கள் எந்த சாமி கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் வருவார்கள். செபமாலை என்பது ஒரே செபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது. முன்பாதியை ஒருவர் சொல்வார், பின்பாதியை மற்றவர்கள் சேர்ந்து சொல்வார்கள், மாலையில் ஒரு மணி நகரும். முன்பாதியைச் சொல்கிறவர் அந்த வீட்டு ஆளாக இருப்பதுதான் எங்கள் ராயபுரத்து வழக்கம். அடக்கத்தன்று அப்பாவுக்கு வாயே திறக்கவில்லை. அதனால் அம்மாவின் தம்பி ஃப்ரெடி மாமா சொன்னார். வருஷத்துக்காவது தானே சொல்ல வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. கல்லறைக்குப் போகும்போதெல்லாம் அதை அவர் அம்மாவிடம் முணுமுணுத்ததைக் கேட்டிருக்கிறேன்.

இப்போது, ஆறு நாள் இருக்கும்போது, முடியாது என்கிறார்.

“மறந்துட்டியா டாடி?” என்றேன்.

“எவனாவது மறப்பானா அத?” மீனின் வயிற்றைக் கீறி விரலை விட்டார். “நீ போய் புளி ஊற வை.”

அன்று சாயங்காலம் வீட்டு மாதா பீடத்துக்கு முன்னால் பாயைப் போட்டு அவரைப் பிடித்து உட்கார வைத்தேன். மாதா படத்துக்கு மேலே இருந்த சிவப்பு பல்பை ஒரு வருஷமாக யாரும் போடவில்லை. சுவிட்சைப் போட்டதும் தூசியோடு எரிந்தது. அப்பா மணியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். குரல் நன்றாகத்தான் வந்தது. வேகமாக, கொஞ்சம் மூக்கால், எனக்குத் தெரிந்த அதே குரல். செபத்தின் முன்பாதி ‘ஆசி பெற்றவரே’ என்று முடியும். அவர் ‘ஆசி பெற்’ வரைக்கும் வந்தார். நின்றுவிட்டார்.

நான் அவர் முடிப்பதற்காகக் காத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

மறுபடி ஆரம்பித்தார். மறுபடி அதே இடம். கையில் எதையோ தூக்கிக்கொண்டு வந்து, வைக்க இடமில்லாமல் நிற்கிறவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

“‘பெற்றவரே’ டாடி.”

“தெரியும்.”

“அப்ப சொல்லு.”

“நெனப்புல வருது ஆன்சி. வாய்ல வரல. அங்க வந்தா மூச்சு தானா நின்னுக்குது.” கொஞ்ச நேரம் மணியை உருட்டிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “அங்க உங்க மம்மி வந்துடும்.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்பா அந்தச் சொல்லை ஒரு நாளும் முடித்ததில்லை.

அம்மா காசிமேட்டில் இறால் பதப்படுத்தும் கம்பெனியில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க ஐஸில் கையை வைத்து ஓடு உரிக்கிற வேலை. வீட்டுக்கு வந்து எத்தனை தடவை சோப்பு போட்டுக் கழுவினாலும் விரல் நுனி ஜில்லென்றுதான் இருக்கும். அந்த விரல்களால் என் நெற்றியில் சிலுவை போடும்போது சிலிர்க்கும். சாயங்காலம் சோறு வடித்ததும் பல்பைப் போடுவாள். அப்பா லுங்கியோடு வந்து உட்காருவார். அப்புறம் அந்தச் சத்தம் ஆரம்பிக்கும்.

அதைச் சத்தம் என்றுதான் சொல்ல வேண்டும். அதில் சொற்களைப் பிரித்துக் கேட்க முடியாது. அப்பா ‘பெற்’ என்று வரும்போதே அம்மா ‘தூய மரியே’ என்று ஏறிவிடுவாள். அவள் கடைசியில் ‘வேண்டிக்கொள்’ என்று வரும்போதே அப்பா அடுத்ததை ஆரம்பித்துவிடுவார். ஆமென் என்ற சொல்லை எங்கள் வீட்டில் நான் கேட்டதே கிடையாது. ஒருவர் வாயிலிருந்த கடைசி எழுத்துகளை மற்றவர் விழுங்கிவிடுவார். இடையில் ஓர் ஊசி விழும் இடைவெளிகூட இருக்காது. பாயில் படுத்தபடி கேட்டால் கொருக்குப்பேட்டை பக்கம் கூட்ஸ் வண்டி போகிற மாதிரி இருக்கும், எங்கே ஒரு பெட்டி முடிந்தது, எங்கே அடுத்தது ஆரம்பித்தது என்று தெரியாமல். அதிலேயே தூங்கிப்போவேன். மழை நாளில், மணலி பக்கத்திலிருந்து கந்தக வாடை அடிக்கிற நாளில், மின்சாரம் போன நாளில், எல்லா நாளும் அது நடந்தது.

கான்வென்டில் சேர்த்தபோது அங்கிருந்த கன்னியாஸ்திரி எனக்கு அதே செபத்தைக் கடைசி எழுத்து வரைக்கும் சொல்லிக் கொடுத்தார். எனக்கு அது வேறு ஏதோ செபம் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து சொல்லிக் காட்டினேன். அம்மா சிரித்துவிட்டாள்.

“இன்னாடி இது, ரயில் டேசன்ல அனௌன்ஸ் பண்றாப்பல.”

செபம் மட்டுமில்லை. அவர்கள் பேச்சே அப்படித்தான். எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் அம்மா, “சாப்ட்டீங்களா?” என்று கேட்பாள். நான் பத்தாவது படிக்கும்போது அது “சாப்ட்டீங்” ஆகியிருந்தது. கடைசி வருஷங்களில் வெறும் “சாப்ட்”. அதற்கு அப்பாவின் பதில், “ஆச்சு” என்பதிலிருந்து தேய்ந்து ஓர் “ஆ”. துறைமுகத்திலும் அப்பாவுக்கு அந்தப் பழக்கம்தான். கீழே நிற்கிற ஆள் சரக்கை இறக்கச் சொல்ல ‘ஆரியா’ என்று கத்துவான். முழுசாகக் கேட்டுவிட்டு இறக்கினால் கப்பல்காரன் திட்டுவான் என்பார் அப்பா. ‘ஆ’ என்று வாய் திறக்கும்போதே கை லீவரில் இருக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், அம்மா போன பிறகு அப்பாவின் பேச்சு முழுசாகிவிட்டது. “சாப்ட்டியாம்மா ஆன்சி?” என்று ஓர் எழுத்து விடாமல் கேட்கிறார். “ஃபேன ஆஃப் பண்ணிடட்டுமாம்மா?” என்கிறார். பேங்கில் பேசுகிற மாதிரி. முதலில் அதைப் பாசம் என்று நினைத்தேன். பாசம்தான். ஆனாலும் ராத்திரி சாப்பாட்டில் அவர் அப்படி முழு வாக்கியமாகப் பேசும்போது எனக்கு வீடு பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கும்.

புதன்கிழமை வேலை முடிந்து பாரிமுனையில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றேன். நான் வேலை செய்வது ராஜாஜி சாலையில், கப்பல் சரக்குக்கு சுங்க வேலை முடித்துக் கொடுக்கும் ஓர் அலுவலகம். பரசுராமன் அண்ணன் வண்டியிலிருந்து தலையை நீட்டிக் கூவிக்கொண்டிருந்தார். எங்கள் சந்திலேயே கடைசி வீடு அவருடையது.

“ராய்பொர, கல்மண்ட, தண்டார்பேட், டோல்கே டோல்கே டோல்கே.”

முன்சீட்டில் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். “ஏண்ணா, டோல்கேட்டுன்னு முழுசா ஒரு தபா சொன்னா இன்னா?”

“முழுசா சொல்லி முடிக்கறதுக்குள்ள அடுத்தவன் வண்டில ஏறிக்கினு பூடுவான்.” அவர் கியரைத் தட்டினார். “அதுவும் இல்லாம, தெரிஞ்சவனுக்கு எதுக்குமா முழுசா? கல்மண்டன்னா எறங்கறவனுக்குத் தெரியாதா? ஊருக்குப் புதுசா வர்றான் பாரு, அவனுக்குத்தான் தண்டையார்பேட்டைன்னு டை வரைக்கும் சொல்லணும். பேட் பேட்னு சொன்னா முழிப்பான்.”

பின்னாலிருந்து ஓர் அம்மா, “பேசிக்கினே பஸ்சுல வுட்டுடாத நைனா” என்றாள்.

“நீ வூட்டாண்ட எறங்கற வரைக்கும் பத்திரம் ஆயா, கம்முனு குந்து.” பிறகு என்னிடம், “இன்னா, ஸ்டானி எப்டி கீறாரு? சனிக்கெழம அவருதான் சொல்றாராமே?”

“சொல்லணும்னுதான் பாக்கறாரு.”

“சொல்வாரு. உங்க நைனா கொரல் எனக்குத் தெரியாதா? அவரும் ஃப்ளோரன்ஸக்காவும் சாய்ங்காலம் ஆரம்பிச்சாங்கன்னா எங்க வூட்ல உல வெப்பாங்க. கடியாரமே தேவயில்ல.” அப்புறம் கல்மண்டபம் வருகிற வரைக்கும் அவர் கூவக்கூட இல்லை.

தெரிந்தவர்களுக்கு எதற்கு முழுசாக என்று அவர் சொன்னது காதிலேயே இருந்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. அப்பாவை முடிக்க வைக்க வேண்டியதில்லை. நான் அம்மா மாதிரி ஏறிக்கொண்டால் போதும்.

வியாழக்கிழமை சாயங்காலம் அதை அப்பாவிடம் சொன்னேன். சனிக்கிழமை நானும் கூட்டத்தில் முன்னால் உட்கார்ந்து பின்பாதியைச் சரியான இடத்தில் எடுத்துவிடுகிறேன், மற்றவர்கள் என்னோடு வந்துவிடுவார்கள். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

முதல் தடவை நான் சீக்கிரம் ஏறிவிட்டேன். அவர் ‘ஆசி’ என்று சொல்லும்போதே.

“இன்னா இப்பிடி முட்டிக்கினு வர? உங்க மம்மி அப்பிடி வராது.”

அடுத்த தடவை தாமதம். அவர் நின்று, நான் ஏறுவதற்குள் ஒரு மௌனம் வந்துவிட்டது. சின்ன மௌனம்தான். ஆனால் அவர் அதில் போய் விழுந்துவிட்டார்.

“லேட்டு.”

“‘பெற்’ல வரணுமா, ‘பெற்ற’ல வரணுமா?”

“அத்த எப்டிமா சொல்றது? அது வரும், அவ்ளோதான்.”

“‘ற்’ சொல்லும்போதா?”

“அய்ய, நான் என்ன அளவெடுத்தா வெச்சிருக்கேன்?” சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா செத்ததிலிருந்து அந்தப் பாயில் யாரும் சிரித்ததில்லை.

செபமாலையின் முதல் பத்து மணிகளிலும் முயன்றோம். ஒன்றுகூட பொருந்தவில்லை. நான் முன்னே இருந்தேன், அல்லது பின்னே இருந்தேன். ஒரு தடவை அவரும் நானும் ஒன்றாக நின்றுவிட்டு ஒன்றாக ஆரம்பித்தோம், ஒருவருக்கொருவர் வழிவிட்டுக் குழம்புகிறவர்களைப் போல. அம்மாவின் குரல் எங்காவது பதிவாகியிருக்குமா என்று என் போனில் தேடினேன். பிறந்தநாள் இருந்தது, கிறிஸ்துமஸ் கேக் இருந்தது, எண்ணூர் கடற்கரையில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலைக்கு ஓடுவது இருந்தது. தினமும் நடக்கிற செபத்தை யார் பதிவு செய்து வைப்பார்கள்?

“வுடு” என்றார் அப்பா. “ஃப்ரெடிக்கு போன் பண்ணிச் சொல்லிடு. அவனே சொல்லட்டும்.”

நான் போன் பண்ணவில்லை. பண்ணினேனா என்று அவரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை வீடு நிறைந்துவிட்டது. பாய் போதாமல் பரசுராமன் அண்ணன் தன் வீட்டிலிருந்து ஜமக்காளம் கொண்டுவந்து வாசல் வரைக்கும் விரித்து, தானும் கதவோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். அம்மாவோடு வேலை செய்த பெண்கள் நாலைந்து பேர் கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தார்கள். மல்லிகைக்கும் ஊதுபத்திக்கும் அடியில் இறால் வாடை வீசியது. எனக்கு அந்த வாடையில் கண் எரிந்தது. அம்மாவின் படத்தை மாதாவுக்குக் கீழே வைத்து மாலை போட்டிருந்தோம்.

ஃப்ரெடி மாமா வெள்ளைச் சட்டையில் வந்தார். கோயிலில் ஞாயிறு தோறும் வாசகம் வாசிக்கிறவர். ஒவ்வொரு சொல்லும் துவைத்துக் காயப்போட்ட மாதிரி சுத்தமாக வரும். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளைத் தொட்டார்.

“மச்சான், முடியலன்னா சொல்லு. நான் பாத்துக்கறேன். அக்காவுக்கு நான் செய்யாம யார் செய்யறது?”

“நான் சொல்றேன் ஃப்ரெடி” என்றார் அப்பா.

என்னை அவர் பார்க்கவில்லை. நான் எதிர்ப்பக்கம் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். தொடக்கச் செபங்கள் எல்லோரும் சேர்ந்து சொல்வது, அவை நன்றாகப் போயின. பிறகு அப்பா முதல் மணியைப் பிடித்தார். அதே குரல், அதே வேகம். கம்பெனிப் பெண்களில் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

‘ஆசி பெற்’ என்று வந்தார். நின்றார்.

நான் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் நாற்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிற அறையில் என் குரல் எழவில்லை. வேறு எந்த நாளாக இருந்தாலும் எங்கள் தெருவில் யாரும் காத்திருக்க மாட்டார்கள். யாராவது ஒரு கிழவி முந்திக்கொண்டு ஏறியிருப்பாள், அவள் பின்னாலேயே கூட்டம் ஏறியிருக்கும். அன்று ஒருவரும் ஏறவில்லை. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர் சொல்கிறார், அவர் முடிக்கட்டும் என்று எல்லோரும் மரியாதையோடு வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். தெருவில் தண்ணி லாரி பின்னால் வருகிற பீப் சத்தம் கேட்டது.

“பெற்றவரே” என்றார் ஃப்ரெடி மாமா, மெதுவாக, கடைசி எழுத்து வரை சுத்தமாக.

“மறக்கல ஃப்ரெடி.”

“பரவால்ல மச்சான், நான்...”

“மறக்கலன்றேன்.”

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக, இருட்டில் படி இறங்குகிற மாதிரி. அந்த இடம் வந்தது. நின்றார். நாற்பது பேரும் காத்திருந்தார்கள். ஃப்ரெடி மாமா தன் செபமாலையை எடுத்து முதல் மணியில் விரலை வைத்துக்கொண்டார்.

அப்பா அம்மாவின் படத்தைப் பார்க்கவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, எதையோ உற்றுக் கேட்கிறவரைப் போல இருந்தார். அந்த அறையில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் முகம் இளகியது. பிறகு கையை ஊன்றி எழுந்தார். ஆட்களின் முழங்கால்களுக்கு நடுவே பாதம் வைத்து வைத்து என் பக்கம் வந்தார். கம்பெனிப் பெண்கள் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்கள். என் பக்கத்தில், அம்மா உட்காருகிற பக்கத்தில், அவர் உட்கார்ந்தார். செபமாலையை என் உள்ளங்கையில் வைத்து, முதல் மணியை என் விரலுக்கு நடுவில் பிடித்துக் கொடுத்தார்.

“என் வாய்க்குத் தெரியலமா, அவ எங்க வருவான்னு” என்றார். எல்லோருக்கும் கேட்டது. “காதுக்குத் தெரியும். நீ என் பாதியச் சொல்லு. நான் உங்க மம்மி பாதிய எடுத்துக்கறேன்.”